விண்டோஸ் 98-க்கு ஒரு சிவகாசி லேபிள்

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்தே வளர்ந்தது சிவகாசி அச்சுத்தொழில். பெட்டியின் அளவுக்குப் படத்தை அடக்குவது அங்குள்ள டி.டி.பி. ஆட்களுக்குக் கைவந்த கலை. விண்டோஸ் 95 அல்லது 98 ஓடும் பழைய கணினி கிடைத்தால், அதன் தொடக்கத் திரையிலும் அந்தக் கலையைக் காட்டலாம்.

ஆன் செய்ததும் மேகங்களோடு வரும் விண்டோஸ் சின்னம் ஐஓ.சிஸ் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. சி டிரைவில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல், லோகோ.சிஸ் என்ற பெயரில் வேறொரு படத்தை வைத்தால் கணினி அதைக் காட்டும். அழித்துவிட்டால் பழைய சின்னம் திரும்பிவிடும், பயமில்லை. பெயர்தான் சிஸ், உள்ளே இருப்பது சாதாரண பிஎம்பி படம். அகலம் 320 புள்ளி, உயரம் 400, நிறங்கள் 256. புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 1,28,000, நிறப்பட்டியலுக்கு 1,024, தலைப்புக்கு 54. ஆக மொத்தம் 1,29,078 பைட். கோப்பின் அளவு இதிலிருந்து விலகினால் எங்கோ பிசகிவிட்டது என்று பொருள்.

நெட்டையான இந்தப் படம் 4-க்கு 3 மானிட்டர் முழுக்க இழுத்து விரிக்கப்படுகிறது. அதனால் சங்குச்சக்கரம் திரையில் வட்டமாகத் தெரிய வேண்டுமானால், 90 புள்ளி அகலம், 150 புள்ளி உயரம் என்று முட்டை வடிவில் இருக்க வேண்டும். 640-க்கு 480-இல் இயல்பாக வரைந்து, கடைசியில் சுருக்கிக்கொள்வது சுலபம்.

திரையின் அடியில் ஓடும் பட்டைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே எந்தப் புள்ளியும் நகர்வதில்லை. நிறப்பட்டியலின் கடைசிச் சில நிறங்கள் மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெயின்ட் ஷாப் புரோ போன்ற மென்பொருளில் சக்கரத்தின் பொறிகளை அந்த நிறங்களால் வரிசையாகத் தீட்டினால், சக்கரம் சுற்றும்!

இந்தத் திரையை பிரின்ட் ஸ்கிரீன் விசையால் பிடிக்க முடியாது. அப்போது விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை. மற்ற திரைகளைப் பிடிக்கலாம். விசையை அழுத்தியதும் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். படம் நினைவகத்தில் காத்திருக்கும். அடுத்து எதையும் காப்பி செய்வதற்குள் பெயின்டில் ஒட்டிச் சேமிக்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 640-க்கு 480 திரையை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அடித்தால் கிடைப்பது சுமார் 5.4-க்கு 4 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி லேபிள். பெரிதாக வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே 4 அல்லது 9 புள்ளியாகப் பெருக்குங்கள்; எழுத்து மங்காது. ஜேபெக்கில் சேமித்தால் எழுத்தின் ஓரமெல்லாம் அழுக்குப் படியும்.