கப்பலேறி வந்த மானும் காத்திருக்கும் உண்ணியும்

மான் வளர்ப்பைப் பற்றி நம் அரங்கத்தில் பேசும்போதெல்லாம் எழும் கேள்வி இது: "வெளிநாட்டிலிருந்து பணம் போட்டு வாங்கிய மான், வந்த சில வாரங்களில் மெலிந்து சாவது ஏன்?" தீவனம், வெயில், பயணக் களைப்பு என்று காரணங்கள் பல இருக்கலாம். பலர் பார்க்கத் தவறுவது, காது மடலிலும் தொடை இடுக்கிலும் ஒட்டியிருக்கும் உண்ணியை.

மலேசியப் பண்ணைகளில் வளரும் திமோர் ரூசா மான், ஜாவா, பாலித் தீவுகளைத் தாயகமாகக் கொண்டது. 1639இல் டச்சுக்காரர்கள் அதை மொரீஷியசுக்குக் கொண்டு போனார்கள். இப்படி மான் ஊர் மாறும்போது அதன் இரத்தத்தில் உள்ள கிருமியும் கூடவே பயணம் செய்கிறது.

கடியால் மட்டும் மான் சாவதில்லை. உண்ணியின் எச்சில் வழியே கிருமி உள்ளே இறங்குகிறது. பபீசியா, தைலேரியா இரண்டும் ஓரணு ஒட்டுண்ணிகள். அனாபிளாஸ்மா ஒரு பாக்டீரியா. இவை இரத்த அணுக்களுக்குள் குடியேறுகின்றன. சிவப்பணுக்கள் அழிந்தால் சோகை பிடிக்கும். ஈறும் கண் இமையின் உட்புறமும் வெளுக்கும். பபீசியா முற்றினால் சிறுநீர் சிவந்து போகும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்காவில் தென் பகுதி மாடுகள் நலமாகத் தெரிந்தன. அவை போன வழியில் மேய்ந்த வட பகுதி மாடுகளோ மடிந்தன. அந்தக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணிதான் என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிரூபித்தார்கள். அந்த நோய்க்கும் காரணம் பபீசியாதான். ஆகவே ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. நலமாகத் தோன்றும் புது மான் நம் மந்தைக்கு நோய் தரலாம். இங்குள்ள கிருமியைப் பழகாத புது மான் நம் உண்ணியால் சாகலாம். பயண அலைச்சலில் உடல் தளரும்போது, அடங்கிக் கிடந்த நோயும் தலைதூக்கும்.

என்ன செய்யலாம்?

* புது மானைத் தனிக் கொட்டகையில் வையுங்கள். மாடு மேய்ந்த புல்வெளியில் விடாதீர்கள். மாட்டு உண்ணி மானிலும் ஏறும். இரத்தம் குடித்து விழும் ஒரு பெண் உண்ணி இரண்டாயிரத்துக்கும் அதிகமான முட்டைகள் இடக்கூடும்.
* இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கிருமி குறைவாக இருந்தால் உருப்பெருக்கியில் தெரியாமல் போகலாம். மரபணுச் சோதனை அதையும் காட்டிக் கொடுக்கும்.
* மானைத் துரத்திப் பிடிக்காதீர்கள். அந்த அச்சமும் ஓட்டமுமே அதைக் கொன்றுவிடலாம். வந்து இறங்கும்போதே கால்நடை மருத்துவரை அழைத்து, எல்லாப் பரிசோதனையையும் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.
* மருந்தை நீங்களாகவே போடாதீர்கள். கிருமியைப் பொறுத்து மருந்து மாறலாம். மருந்து கொடுத்தபின் இறைச்சிக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை மான் பூங்காவுக்கு அழைத்துப் போகும் பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை; கவனம் போதும். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் கால், இடுப்பு, காதின் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். உண்ணி இருந்தால் எண்ணெய் ஊற்றாமல், நெருப்பு வைக்காமல், சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மான் வாய் திறந்து வலியைச் சொல்லாது. வளர்ப்பவர்தான் கண் திறந்து பார்க்க வேண்டும்.