வற்றிய ஏரியில் ஒரு காலை

கோடை விடுமுறை வந்துவிட்டால் வசதி படைத்தோர் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வர். ஏனையோர் உறவினர் வாழும் ஊர்களுக்குச் செல்வர். இரண்டிற்கும் வாய்ப்பில்லாத ஆண்டும் உண்டு. 2019ஆம் ஆண்டின் கோடை எங்கள் குடும்பத்திற்கு அவ்வாறு அமைந்தது. அம்பத்தூரில் உள்ள எங்கள் இல்லத்தில் ஆறு வயதுப் பேரன் நாள்தோறும், "எங்கே போகலாம், தாத்தா?" என்று கேட்டவண்ணம் இருந்தான். "பெரிய ஏரி ஒன்றைக் காட்டுகிறேன்" என்று ஒரு நாள் வாக்களித்தேன். அன்றிரவே அவன் பழைய செய்தித்தாளை மடித்துக் கப்பல் ஒன்று செய்து, தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டு உறங்கினான்.

மே மாத இறுதியில் ஒரு நாள், கதிரவன் எழுமுன்னரே நானும் என் மகளும் மருமகனும் பேரனும் புறப்பட்டோம். பூந்தமல்லி என்று மக்கள் வழங்கும் பூவிருந்தவல்லியைப் பேருந்தில் அடைந்தோம். அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சிறிது தொலைவு சென்று, செம்பரம்பாக்கத்தில் இறங்கினோம். ஏரிக்கரை கோட்டைச் சுவர்போல் உயர்ந்து நின்றது. கப்பலைக் கையில் ஏந்திய சிறுவன் எங்களுக்கு முன்னே கரைமீது ஓடி ஏறினான். ஏறியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"தாத்தா, ஏரி எங்கே?" என்றான்.

அவன் கேட்டது சரியே. கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை வெடித்துக் கிடந்த மண்ணே தெரிந்தது. நடுவே சில பள்ளங்களில் மட்டும் சேற்று நீர் தேங்கியிருந்தது. "நாம் பார்ப்பதுதான் ஏரி, நீர்தான் இல்லை" என்றேன். அவன் முகம் வாடியது. "நீர் நிறைந்த ஏரியை எவரும் பார்க்கலாம்; ஏரியின் அடித்தளத்தில் நடக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிடைக்குமா?" என்று அவன் தந்தை கேட்டதும், வாடிய முகம் மலர்ந்தது. மெல்ல இறங்கினோம்.

முதலில் அவன் கண்டது வெடிப்புகளை. "மண்ணை யார் வெட்டினார்கள்?" என்று வினவினான். எவரும் வெட்டவில்லை. ஏரியின் அடியில் படிந்திருப்பது மழைநீர் கொண்டுவந்து சேர்த்த களிமண்ணும் வண்டலும் ஆகும். களிமண் நீரை உண்டு பருக்கும் தன்மையது. நீரை இழந்தால் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒருங்கே சுருங்குவதால் இழுப்பைத் தாங்காமல் மண் பிளக்கிறது. அப்பிளவுகள் ஒன்றோடொன்று கூடி, ஐந்து பக்கமும் ஆறு பக்கமும் உடைய கட்டங்களாக அமைகின்றன. சிறுவன் ஒரு கட்டத்திலிருந்து மற்றொன்றிற்குத் தாண்டித் தாண்டிச் சென்றான். அவனுக்கு அது பெரிய பாண்டி ஆட்டமாகவே ஆகிவிட்டது.

ஓரிடத்தில் பிளவுக்குள் கையை விட்டு உருண்டையான நத்தை ஒன்றை எடுத்தான். அதன் வாய் கெட்டியான மூடியால் அடைபட்டிருந்தது. "செத்துவிட்டதா?" என்று கேட்டான். அது சாகவில்லை. நீர் வற்றும்போது இவ்வகை நத்தை சேற்றில் புதைந்து, தன் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு, உள்ளிருக்கும் ஈரம் போகாதவாறு காத்துக்கொள்ளும். உணவின்றி, அசைவின்றி, மாதக்கணக்கில் கிடக்கும். இதனைக் கோடையுறக்கம் என்பர். மழை பெய்து மண் நனைந்ததும் மூடி திறக்கும்; நத்தை ஊரத் தொடங்கும். இதைக் கேட்ட சிறுவன், உறங்குகின்ற குழந்தையைத் தொட்டிலில் இடுபவன்போல் அதனை எடுத்த இடத்திலேயே வைத்தான். "மழை வந்ததும் எழுந்துகொள்" என்றும் சொன்னான்.

சற்றுத் தொலைவில், தேங்கிய சேற்றுநீரின் ஓரமாகச் சில நத்தைகுத்தி நாரைகள் நின்றன. மூடிய நிலையிலும் அவற்றின் அலகுகளுக்கு இடையே சிறு இடைவெளி தெரியும். நத்தையைப் பற்றி உள்ளிருக்கும் தசையை எடுத்துண்பதற்கு ஏற்ற அலகு அது. அவற்றை அருகில் பார்க்கும் ஆவலுடன் சிறுவன் ஓடினான். அப்பொழுது பறவை ஒன்று எங்கள் தலைக்கு மேலே கூவிக்கொண்டு வட்டமிட்டது. பழுப்பு முதுகும், கரிய மார்பும், கண்ணருகே சிவந்த தசை மடிப்பும், மஞ்சள் நிறக் கால்களும் உடைய அது ஆள்காட்டிக் குருவி. ஆள் வருவதை அறிவிக்கும் வழக்கத்தால் அதற்கு அப்பெயர் வந்தது. "நில்! அசையாதே!" என்று என் மகள் உரக்கச் சொன்னாள். அவன் காலுக்கு இரண்டடி முன்னால், வெறுந்தரையில், சிறு கற்களுக்கு நடுவே, கற்களைப் போலவே புள்ளியிட்ட நான்கு முட்டைகள் கிடந்தன.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. கோடையில் திறந்த வெளியில் தரையிலேயே முட்டையிடும். முட்டையின் நிறமே அதற்குக் காவல். ஆயினும் கடும் வெயிலில் முட்டை வெந்துவிடாதோ? அதற்கும் அப்பறவை வழி அறிந்துள்ளது. அருகிலுள்ள நீருக்குச் சென்று தன் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளின்மேல் அமர்ந்து அவற்றைக் குளிர்விக்கும். "அப்படியானால், இந்தச் சேற்றுநீரும் வற்றிவிட்டால்?" என்று சிறுவன் கேட்டான். எங்களில் ஒருவராலும் உடனே விடை கூற இயலவில்லை. தாய்ப்பறவை அஞ்சாமல் திரும்புமாறு நாங்கள் அவ்விடத்தை விட்டு விரைவில் அகன்றோம்.

வெயில் ஏறவே கரைக்குத் திரும்பினோம். மதகு ஒன்றின் அருகே அமர்ந்து ஏரியின் அமைப்பைச் சிறுவனுக்கு விளக்கினேன். மாணவர்களே, நீங்களும் அதனை அறிந்துகொள்வது நலம். சரிவான நிலத்தில் மழைநீர் ஓடிவரும் வழியை மறித்து, தாழ்ந்த பக்கத்தில் பிறைவடிவாக மண்கரை அமைத்தால் அது ஏரி. கரையின் அடிப்பகுதியில் திறந்து மூடும் கதவுடைய வாயில் மதகு. அதன் வழியே கால்வாய்க்கு நீர் செல்லும். ஏரி நிறைந்தபின் மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கட்டப்படுவது கலிங்கு. ஏரிநீரால் பயன்பெறும் வயல்கள் ஆயக்கட்டு எனப்படும். ஓர் ஏரியில் மிகும் நீர் வீணாவதில்லை. அடுத்த ஏரிக்குச் செல்லும். எங்கள் அம்பத்தூர் ஏரியின் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லும்படி முன்னோர் அமைத்தனர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுதும் பயனற்றுப் போவதுபோல், ஒரு கால்வாய் அடைபட்டால் பல ஏரிகள் கெடும்.

சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 140 செ.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில், சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அச்சில நாளின் நீரைப் பல மாதங்களுக்கு வைத்துக்கொள்ளும் பாத்திரமே ஏரி. 2018ஆம் ஆண்டில் அப்பருவமழை பொய்த்தது. ஆதலால் 2019இல் பாத்திரம் காலியாயிற்று. அதற்கு மாறாக, 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெருமழை பெய்தபோது இதே செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்கு நீர் திறக்கப்பட்டது; அடையாறு பெருக்கெடுத்து மக்கள் வாழும் பகுதிகளுக்குள் புகுந்தது. நான்கே ஆண்டுகளுக்குள் ஒரே நகரம் வெள்ளத்தையும் கண்டது, வறட்சியையும் கண்டது.

இத்தகைய நாட்டில் ஏரியைப் பேணுதல் ஊராரின் முதற்கடமையாக இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. அவ்வாறு அமைந்த குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம். கோடையில் ஏரி வற்றியதும் ஊரார் கூடித் தூர்வாரி, கரையைச் செப்பனிட்டு, எடுத்த வண்டலை வயலுக்கு உரமாக இடுதல் பழைய வழக்கம். குடிமராமத்து என்பது அதன் பெயர். வற்றிய ஏரி அவர்களுக்குப் பாழ்நிலமாகத் தோன்றவில்லை. வேலை செய்ய வேண்டிய இடமாகவே தோன்றியது.

பிற்காலத்தில் அப்பார்வை மாறியது. வற்றிய ஏரியை வீட்டுமனையாகக் கருதினர். இன்றைய தியாகராய நகர், 1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டதாகும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது; ஏரி இல்லை. எஞ்சிய ஏரிகள் சிலவற்றில் கழிவுநீர் கலந்தது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க அப்பகுதி மக்கள் ஒன்றுகூடிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று வழக்காடினர். ஏரி வாரியம் மறைந்தாலும் அதன் உணர்வு அடியோடு மறைந்துவிடவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையோர மரநிழலில் ஒருவர் நுங்கு வெட்டி விற்றுக்கொண்டிருந்தார். உண்டு களைப்பாறினோம். அவர் தந்த இரண்டு வெற்றுக் குரும்பைகளை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கோலால் தள்ளும்படி என் மருமகன் நுங்கு வண்டி செய்துகொடுத்தார். கப்பல் விட வந்த சிறுவன் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினான். ஆயினும் கப்பலை அவன் மறக்கவில்லை. அதைப் புத்தக அடுக்கில் பத்திரமாக வைத்தான்.

அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு முதல் தண்ணீர் இரயில் வந்தது. 50 தொட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு, ஏறத்தாழ 220 கிலோமீட்டர் கடந்து, ஆவடி, அம்பத்தூர் நிலையங்களின் வழியாக அது சென்றது. அடுத்து வந்த நாள்களில் ஒருமுறை அத்தகைய இரயிலைக் காணப் பேரனை நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். "ஏரி இரயிலில் போகிறதா, தாத்தா?" என்று கேட்டான்.

வீட்டிற்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 364 கோடியே 50 லட்சம் கன அடி. ஒரு கன அடி நீர் ஏறத்தாழ 28.3 லிட்டர். அதனைப் பெருக்கினால் பத்தாயிரம் கோடி லிட்டருக்கு மேல் வருகிறது. நிறைந்த அந்த ஓர் ஏரியின் நீரைக் கொண்டுவர அத்தகைய இரயில்கள் நாற்பதாயிரத்திற்கும் மேல் வேண்டும்! எஞ்சினும் தண்டவாளமும் இன்றி, வானம் பொழிந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, அவ்வளவு நீரையும் வீட்டு வாசலில் தருவது ஒரு மண்கரை. மாணவர்களே, இக்கணக்கை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பின்னர் மழை வந்தது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் நிவர் புயலின்போது ஏரி நிரம்பும் நிலையை எட்டி, 25ஆம் நாள் உபரிநீர் திறந்துவிடப்பட்டது. அடுத்த தைத் திங்களில் பேரனுடன் மீண்டும் அக்கரையில் நின்றேன். நாங்கள் நடந்த இடமெல்லாம் நீர்; நத்தை உறங்கிய இடமும் ஆள்காட்டி முட்டையிட்ட இடமும் அலைகளின் அடியில் இருந்தன. சிறுவன் பையிலிருந்து பழைய கப்பலை எடுத்தான். நெடுநேரம் நீரைப் பார்த்தான். பிறகு, "காகிதத்தை ஏரியில் போடலாமா, தாத்தா?" என்று கேட்டான். நான் விடை கூறுமுன்னரே அதனை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டான்.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஏரியோ குளமோ இருக்கும். அடுத்த கோடையில் பெரியோர் துணையுடன் அங்குச் சென்று பாருங்கள். நீர் நிறைந்திருந்தால் கரையில் நின்று காணுங்கள், இறங்க வேண்டா. வற்றியிருந்தால் அதன் மதகு எங்கே, கலிங்கு எங்கே, நீர் வரும் கால்வாய் திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். வற்றிய ஏரி வெறும் நிலம் அன்று. மழையை எதிர்நோக்கிக் காத்திருக்கும் ஏரியே ஆகும். நத்தைக்கும் ஆள்காட்டிக்கும் தெரிந்த இவ்வுண்மையை நாமும் மறவாதிருந்தால், மழை வரும்போது அதற்கு இடம் இருக்கும்.