வயலின் பெட்டிக்குள் ஒளித்த பரீட்சைத் தாள்

2023 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மகளுடைய வயலினில் ஒரு கம்பி அறுந்துபோனது. புதுக் கம்பி போடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். உள்ளே துணிக்குக் கீழே எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. லெவன் பிளஸ் மாதிரிப் பரீட்சைத் தாள். நூற்றுக்கு 43.

அவளுக்கு அப்போது பத்து வயது. ரியூஷன் ஆசிரியர் அந்தத் தாளை இரண்டு கிழமைக்கு முன்பே கொடுத்திருக்கிறார். நான் கூப்பிட்டுக் கேட்டேன், சத்தம் போடாமல்தான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டுதான் ஒளிச்சனான், அப்பா. சொறி."

ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஏனென்றால் அந்த நேரம் நடைபாதையில் கிடந்த என்னுடைய லப்டொப் பைக்குள்ளும் ஒரு கடிதம் ஒளிந்திருந்தது.

என் பைக்குள் இருந்த கடிதம்

அந்த வருடத் தொடக்கத்தில் மென்பொருள் துறையில் நடந்த ஆட்குறைப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெப்ரவரியில் என் பெயரும் அந்தப் பட்டியலில் வந்தது. மூன்று மாதச் சம்பளம் தருவோம், வேலைக்கு வரத் தேவையில்லை என்றார்கள். முதுமாணிப் பட்டம், பன்னிரண்டு வருட அனுபவம் எல்லாம் இருந்தும், பதினைந்து நிமிட வீடியோ அழைப்பில் எல்லாம் முடிந்தது.

நான் வீட்டில் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு உடுப்பு மாற்றி, பையைத் தோளில் போட்டு, உள்ளூர் நூலகத்துக்குப் போவேன். மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்து, "இண்டைக்கு வேலை கூட" என்பேன். சம்பளம் வந்துகொண்டிருந்ததால் மனைவிக்கும் சந்தேகம் வரவில்லை. இப்படி ஐந்து கிழமை. நூலகத்தில் வேலைக்கு விண்ணப்பித்ததை விட, ஆராவது தமிழ் ஆக்கள் உள்ளே வருகினமோ என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் கூட.

மகள் சொன்ன அதே காரணத்தைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவர்கள் கவலைப்படுவார்கள். உண்மை அதுவல்ல. தோற்றவன் என்று அவர்கள் என்னைப் பார்க்கும் அந்த ஒரு பார்வைக்குப் பயம். ஒளிக்க அவளுக்கு ஆர் பழக்கியது என்று நான் வெளியே தேடத் தேவையிருக்கவில்லை.

இந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது?

இதைப் பெற்றோரின் பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எங்கள் வீடுகளில் கதை கொஞ்சம் ஆழமானது.

என் அப்பா படித்த காலத்தில் இலங்கையில் தரப்படுத்தல் வந்தது. 1970களின் தொடக்கத்தில், மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குப் பல்கலைக்கழகம் போக, தமிழ் மொழியில் எழுதிய மாணவர்கள் சிங்கள மொழியில் எழுதியவர்களை விடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு இடம் கிடைக்கவில்லை. 1983க்குப் பிறகு லண்டன் வந்து, இரவில் பெற்றோல் ஸ்டேஷனில் நின்று என்னைப் படிப்பித்தார். "நிலத்தைப் பறிப்பாங்கள், வீட்டை எரிப்பாங்கள், படிப்பை ஒருத்தராலும் எடுக்கேலாது" என்பது அவர் வாழ்ந்து கண்ட உண்மை. அவருக்குச் சில புள்ளிகள் வாழ்க்கையையே மாற்றின. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

காரணம் போன பிறகும் பயம் மட்டும் எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. இன்று இங்கிலாந்தில் 163 கிராமர் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். அதில் இடம் கிடைக்காவிட்டால் ஒரு பிள்ளையின் எதிர்காலம் மூடப்பட்டுவிடாது. இது எங்களுக்குத் தெரியும். என்றாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, "மகளுக்கு மொக்கில எத்தினை?" என்று ஆராவது கேட்டால் வயிறு இறுகுகிறது.

தாலந்தைப் புதைத்தவன்

நான் எங்கள் சபையில் ஞாயிறு பாடசாலை எடுப்பவன். அந்தக் கிழமைக்கு எனக்கு வந்த பாடம் மத்தேயு 25ஆம் அதிகாரம், தாலந்துகளின் உவமை. எஜமான் பயணம் போகுமுன் மூன்று ஊழியரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுக்கிறான். ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாளின் ஏறக்குறைய இருபது வருடச் சம்பளம். ஆகவே ஒரு தாலந்து வாங்கியவனுக்குக் கிடைத்ததும் கொஞ்சமல்ல. முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் மண்ணைத் தோண்டிப் புதைக்கிறான்.

வகுப்பில் ஒரு சின்னப் பையன் கேட்டான்: "அவன் காசைத் தொலைக்கேல்லைத்தானே? பிறகேன் அவனுக்கு ஏச்சு?"

நல்ல கேள்வி. வீட்டுக்கு வந்து திரும்பவும் வாசித்தேன். புதைத்ததற்கு அவனே காரணம் சொல்கிறான்: எஜமான் கடினமான மனிதன் என்று நினைத்தான், பயந்தான், ஒளித்துவைத்தான். அந்த வரிசையைக் கவனியுங்கள். பயத்துக்கு முன்பே எஜமானைப் பற்றிய ஒரு பிழையான படம் அவன் மனதில் இருக்கிறது. அவ்வளவு பெரிய செல்வத்தை நம்பிக் கையில் கொடுத்துவிட்டுப் போனவரை, பிழை பிடிக்கக் காத்திருப்பவர் என்று அவன் நினைத்துவிட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகளின் மனதில் என்னைப் பற்றி என்ன படம் இருக்கிறது? பிள்ளைகள் கடவுளை "பரலோகப் பிதா" என்று கூப்பிடப் பழகுமுன், பூலோகத்தில் ஒரு அப்பாவைப் பார்க்கிறார்கள். அந்த அப்பா 43 புள்ளியைக் கண்டால் என்ன செய்வார் என்பதில் அவளுக்குப் பயம் இருந்தால், பரலோகத்தில் இருப்பவரையும் அவள் அப்படித்தான் நினைப்பாள்.

அன்று இரவு மனைவியிடம் கடிதத்தைக் காட்டினேன். வேலை போனதற்கு அவள் அழவில்லை. "அஞ்சு கிழமை... என்னட்டைக் கூடச் சொல்லேல்லையே" என்று அதற்குத்தான் அழுதாள். அடுத்த நாள் மகளுக்கும் சொன்னோம். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நூலகத்தில மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பல நாளுக்குப் பிறகு எல்லோரும் சிரித்தோம்.

இரண்டு கரிநெருப்புகள்

தோல்வி என்றவுடன் எங்கள் சபைகளில் பேதுருவைப் பற்றிப் பேசுவார்கள். நான் நெடுநாள் கவனிக்காத ஒரு விஷயம் அந்தக் கதையில் இருக்கிறது. பிரதான ஆசாரியரின் முற்றத்தில் பேதுரு மூன்று முறை இயேசுவை மறுதலிக்கும்போது, ஒரு கரிநெருப்புப் பக்கத்தில் நின்று குளிர்காய்கிறார். உயிர்த்த இயேசு கடற்கரையில் அவருக்காக மீன் சுட்டு வைத்திருப்பதும் ஒரு கரிநெருப்பில்தான். மூல கிரேக்கத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் யோவான் 18இலும் 21இலும் மட்டுமே வருகிறது. தோற்ற இடத்தின் மணமே அங்கேயும் வீசியிருக்கும்.

இயேசு முதலில் காலைச் சாப்பாடு கொடுக்கிறார். பிறகுதான் பேசுகிறார். அப்போதும் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்கவில்லை. மூன்று மறுதலிப்புக்கு ஈடாக மூன்று முறை, தன்மேல் அன்பிருக்கிறதா என்று மட்டும் கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார். நடந்ததை மூடி மறைக்கவுமில்லை, அதை வைத்து ஆளை அளக்கவுமில்லை.

என் தொழிலில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நடைமுறை உண்டு. சேவர் விழுந்தால், பிறகு எல்லோரும் இருந்து "போஸ்ட்மோர்ட்டம்" எழுதுவோம். அதில் ஆர் பிழை என்று தேடுவதில்லை. என்ன நடந்தது, அந்த நேரம் அது ஏன் சரியென்று பட்டது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்றுதான் கேட்போம். 2012இல் எட்சி நிறுவனத்தில் இருந்த ஜோன் ஓல்ஸ்போ இதைப் பற்றி எழுதிய கட்டுரை எங்கள் துறையில் பலரும் வாசித்தது. காரணம் எளிது: தண்டனைக்குப் பயந்தால் பொறியியலாளர்கள் தகவலை ஒளிப்பார்கள், ஒளித்தால் அதே பிழை திரும்ப வரும். வேலைத்தலத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு இந்தச் சலுகையைக் கொடுத்த நான், வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

வீட்டில் நாங்கள் மாற்றியவை

பெரிதாக ஒன்றுமில்லை, நான்கு சின்ன விஷயங்கள்.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டில் அந்தக் கிழமை விட்ட ஒரு பிழையை ஆளுக்காள் சொல்வோம். பெரியவர்கள்தான் முதலில். நான் தோற்ற நேர்முகத் தேர்வுகளின் கதை நிறைய ஓடியது. முதல் நாள் மகள் "போஸ்ட்மோர்ட்டம் செய்வமா?" என்று கத்தியபோது, எங்களோடு இருக்கும் என் அம்மா சமையலறையிலிருந்து பதறி ஓடி வந்தார்: "ஆரப்பா செத்தது?"

"எத்தினை புள்ளி?" என்ற கேள்வியை நிறுத்தினோம். "எது கஷ்டமா இருந்தது?" என்று கேட்கத் தொடங்கினோம். முதல் இரண்டு மாதம் எனக்கு நாக்கு நுனிவரை பழைய கேள்விதான் வந்தது.

ஜெபத்தை மாற்றினோம். "பாஸ் பண்ண வேணும் ஆண்டவரே" என்பதோடு முடித்துக்கொண்டிருந்தோம். பாஸ் பண்ணாவிட்டால் ஆண்டவர் கைவிட்டார் என்றுதானே பிள்ளை நினைக்கும்? விசுவாசம் பரீட்சைக்குக் காப்புறுதி அல்ல. ஆகவே படித்ததை நினைவில் வைக்க உதவி கேட்டோம். முடிவு எதுவானாலும் அவள் உம்முடைய பிள்ளை, எங்களுடைய பிள்ளை என்று சேர்த்துக்கொண்டோம். படிப்பையோ ரியூஷனையோ நிறுத்தவில்லை. உவமையில் பாராட்டு வாங்கியவர்கள் இறங்கி உழைத்தவர்கள்தானே.

கடைசியாக, கொண்டாட்டத்தை முன்னுக்குத் தள்ளினோம். முடிவு வரும்வரை காத்திருக்காமல், செப்டெம்பரில் பரீட்சை எழுதிய அன்றே போய் அவளுக்குப் பிடித்த கொத்துரொட்டி சாப்பிட்டோம்.

இதை வாசிக்கும் மாமாக்கள், மாமிகள், சித்தப்பாக்களுக்கும் ஒன்று. பவுலின் முதல் பயணத்தில் பாதியில் திரும்பிப் போனவன் மாற்கு. அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்று பவுல் சொன்னபோது, சொந்தக்காரனான பர்னபாதான் அவனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். பிற்காலத்தில் அதே மாற்கு தனக்கு உதவியானவன், அவனைக் கூட்டிவா என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். எங்கள் குடும்பங்களில் பவுல்களுக்குக் குறைவில்லை. ஒரு பர்னபா இருந்தால் பிள்ளை தப்பிவிடும்.

ஒக்டோபர்

ஜூனில் எனக்கு வேறு வேலை கிடைத்தது, சம்பளம் கொஞ்சம் குறைவு. ஒக்டோபரில் பரீட்சை முடிவு மின்னஞ்சலில் வந்தது. மகளே திறந்து வாசித்தாள். பிறகு நான் வேலை செய்துகொண்டிருந்த அறைக்கு வந்து கதவடியில் நின்றாள்.

"அப்பா, நான் பாஸ் பண்ணேல்லை."

எனக்கு வயிறு இறுகத்தான் செய்தது. இவ்வளவு எழுதியவன் பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவள் ஒளிக்கவில்லை, நேரே என்னிடம் வந்தாள். கட்டிப்பிடித்தேன். அவள் நன்றாக அழுதாள்.

தேநீரோடு வந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பேத்திக்குப் பக்கத்தில் இருந்து, தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அப்பம்மாவும் ஓ.எல்.லில கணக்குப் பெயில், பிள்ளை. ரெண்டாம் தரம் எடுத்துத்தான் பாஸ் பண்ணினனான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். என் வாழ்நாளில் அதை நான் கேள்விப்பட்டதேயில்லை. சின்ன வயதில் கணக்கில் 80 எடுத்துக்கொண்டு வந்தால், "மிச்சம் இருபது எங்கே?" என்று கேட்ட அதே அம்மா. அத்தனை வருடமாக அவவும் ஒரு தாளை மடித்து எங்கேயோ ஒளித்து வைத்திருந்திருக்கிறா.

மகள் இப்போது வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலைக்கு நடந்து போய் வருகிறாள். வயலின் பெட்டிக்குள் வயலின் மட்டும்தான் இருக்கிறது.

நான் கிறிஸ்தவன், எனக்குத் தெரிந்த பாதையால் எழுதினேன். உங்கள் வீட்டு வழிபாடு வேறாக இருக்கலாம். ஆனால் இன்றிரவு சாப்பிடும்போது, பிள்ளைகளிடம் புள்ளி கேட்குமுன், நீங்கள் தோற்ற ஒரு கதையைச் சொல்லிப் பாருங்கள். அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அவர்களிடமும் ஒன்று இருக்கக்கூடும்.