அறை வாடகை 5,000-ஆ, 4,000-ஆ? கம்ப்யூட்டரில் ஹோட்டல் நடத்திப் படிக்கும் மாணவர்கள்!

பிளஸ் டூ முடித்த பிள்ளை, "ஹோட்டல் மேனேஜ்மென்ட் சேரப்போறேன்" என்றதும் பல வீடுகளில் வரும் முதல் கேள்வி, "சமைக்கிறதுக்கா மூணு வருஷம் படிக்கணும்?" என்பதுதான். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்தக் கேள்விக்கு அழுத்தம் இன்னும் அதிகம். துறைமுகம், மீன்பிடி, ஃபேக்டரி கான்ட்ராக்ட் வேலை என்று ஓடும் குடும்பங்களுக்கு மூன்று வருடப் படிப்புச் செலவு சின்ன விஷயமல்ல. படித்து முடித்த பிள்ளை தட்டு தூக்குவதோடு நின்றுவிடுமோ என்ற பயமும் உண்டு.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சமையல், பரிமாறுதல், ரூம் பராமரிப்பு ஆகியவற்றைப் பயிற்சி சமையலறையிலும் மாதிரி அறைகளிலும் பழகிவிடலாம். ஆனால், வாடகையை எவ்வளவு வைப்பது, எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது, விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது போன்ற முடிவுகளை எங்கே பழகுவது? 19 வயது மாணவரை நம்பி எந்த முதலாளியும் ஹோட்டல் சாவியைக் கொடுக்க மாட்டார். இந்த இடத்தில்தான் 'டீம் சிமுலேஷன்' கைகொடுக்கிறது.

ஐந்து பேர், ஒரு ஹோட்டல்

வகுப்பை நான்கைந்து பேர் கொண்ட அணிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வோர் அணிக்கும் கம்ப்யூட்டரில் ஒரே மாதிரியான ஹோட்டல். ஒருவர் ஜெனரல் மேனேஜர், மற்றவர்கள் ஃபிரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், உணவு, கணக்கு என்று பொறுப்பேற்பார்கள். ஒரு சுற்று என்பது ஹோட்டலுக்கு ஒரு மாதம் அல்லது மூன்று மாதம். அணி கூடிப் பேசி முடிவுகளைப் பதிவு செய்ததும், எத்தனை அறை நிரம்பியது, எவ்வளவு மிஞ்சியது, விருந்தினர் திருப்தியா என்று ரிசல்ட் வரும். எல்லா அணிகளும் ஒரே ஊரின் போட்டி ஹோட்டல்கள். ஒருவர் வாடகையைக் குறைத்தால் அடுத்தவரின் அறை காலியாகும்.

இதற்கென்றே பின்லாந்தின் செசிம் போன்ற நிறுவனங்கள் மென்பொருள் விற்கின்றன. ஆனால், அடிப்படை யோசனை பழையது. 1922-ல் ஹோட்டல் படிப்பைத் தொடங்கிய அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஆண்டுக்கொரு முறை மாணவர்களே ஹோட்டலை நடத்தும் வழக்கம் 1920-களிலேயே வந்துவிட்டது. கம்ப்யூட்டர், அதே வாய்ப்பைச் செலவில்லாமல் பலமுறை தருகிறது.

80 அறை நிரம்பினால் ஜெயமா?

ஓர் எளிய கணக்கு. 100 அறைகள் கொண்ட ஹோட்டல். 'அ' அணி வாடகையை 5,000 ரூபாயாக வைக்கிறது. 60 அறைகள் நிரம்புகின்றன. வசூல் 3 லட்சம். 'ஆ' அணி 4,000 ரூபாயாகக் குறைக்கிறது. 80 அறைகள் நிரம்புகின்றன. வசூல் 3,20,000. 'ஆ' அணி கைதட்டும்.

இப்போது செலவைக் கழிப்போம். சலவை, சோப்பு, காலை உணவு, மின்சாரம் என்று நிரம்பிய ஒவ்வோர் அறைக்கும் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 'அ' அணிக்கு மிஞ்சுவது 2,28,000. 'ஆ' அணிக்கு 2,24,000. இருபது அறைகள் கூடுதலாக விற்றும் நாலாயிரம் ரூபாய் குறைவு!

அதோடு முடியவில்லை. ஹவுஸ்கீப்பிங் ஊழியர் ஒருவர் ஒரு ஷிஃப்டில் சுமார் 15 அறைகளைச் சுத்தம் செய்வதாகக் கொண்டால், 60 அறைகளுக்கு 4 பேர் போதும். 80 அறைகளுக்கு 6 பேர் வேண்டும். அந்த இரண்டு பேரை எடுக்க மறந்த அணியில், மதியம் வரும் விருந்தினர் லாபியில் காத்திருப்பார். திருப்தி மதிப்பெண் சரியும், அடுத்த சுற்றில் புக்கிங் குறையும். வாடகையை முடிவு செய்தவர் ஒருவர், அடிவாங்குவது இன்னொருவரின் துறை. 'டீம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் அங்கேதான் புரிகிறது.

நம்ம ஏரியாவில் ஒரு ஹோட்டல்

ஆசிரியர் கொஞ்சம் மெனக்கெட்டால், மென்பொருள்கூட இல்லாமல் எக்ஸெல் ஷீட்டிலேயே இந்த விளையாட்டை நடத்தலாம். களமாக எண்ணூரையே எடுத்துக்கொள்ளலாம். கப்பல் ஊழியர்கள், ஃபேக்டரிக்கு ஆய்வுக்கு வருபவர்கள் என்று வார நாள்களில் அறைகள் நிரம்பும். ஞாயிற்றுக்கிழமை? கல்யாண வீட்டாரைத்தான் பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகு மீன்வரத்து நின்று விலை ஏறும்போது மெனுவை மாற்றுவதா, விலையை ஏற்றுவதா? கன்டெய்னர் லாரி நெரிசலில் விருந்தினர் மாட்டிக்கொண்டால் இரவுச் சமையலறையை எத்தனை மணி வரை திறந்து வைப்பது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதத்தில் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வெளியேறினார்கள். அப்படியோர் இரவில் புக்கிங் பணத்தைத் திருப்பித் தருவதா, வெளியேறிய மக்களுக்கு ஹாலைத் திறந்துவிடுவதா? வட சென்னை மாணவர், புத்தகத்தைவிட இவற்றை நன்றாகவே அறிவார். ஸ்டார் ஹோட்டலில் ஒருநாள்கூடத் தங்கியிராத பிள்ளையின் அனுபவத்துக்கும் அந்த மேஜையில் மதிப்பு உண்டு.

சிக்கல்களும் உண்டு

கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரே எல்லாவற்றையும் முடித்துவிட, மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போடும் ஆபத்து இருக்கிறது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர் மேனேஜராகவும், மாணவிகள் எப்போதும் ஹவுஸ்கீப்பிங்காகவும் ஆகிவிடுவதும் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பொறுப்பை மாற்றுவதும், அணியினரே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடுவதும் இதற்குத் தீர்வு. அணிக்குள் தமிழில் விவாதித்து, அறிக்கையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதவைத்தால் தயங்கும் பிள்ளைகளும் வாய் திறப்பார்கள். முக்கியமாக, ரிசல்ட் வந்த பிறகு ஏன் ஜெயித்தோம், ஏன் தோற்றோம் என்று பேசும் அரை மணி நேரத்தைத் தவிர்க்கவே கூடாது. அது இல்லாவிட்டால் இது வெறும் வீடியோ கேம்தான். கோபத்தில் கத்தும் விருந்தினரையோ, அடுப்புச் சூட்டையோ திரை கற்றுத்தராது. அதற்கு நேரடிப் பயிற்சியே வழி.

சேரும் முன் கேளுங்கள்

தரமணியில் உள்ள மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் 1963-ல் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் ரயிலேறி, கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறினால் தரமணியில் இறங்கலாம். அங்கு பட்டப்படிப்பில் சேர, தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்.சி.ஹெச்.எம். ஜே.இ.இ. தேர்வை எழுத வேண்டும்; பிளஸ் டூ-வில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் அங்கு படிப்பதற்கான செலவை ஏற்கும் திட்டத்தைத் தாட்கோ அறிவித்திருக்கிறது. இந்த ஆண்டின் விவரங்களை மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

தனியார் கல்லூரி என்றால், கட்டணத்தோடு இந்த மூன்றையும் கேளுங்கள். நேரடிப் பயிற்சி எத்தனை வாரம், எந்த ஹோட்டலில்? வாடகை, செலவுக் கணக்கை மாணவர்களே போட்டுப் பழகும் வகுப்பு இருக்கிறதா? அதில் என் பிள்ளை ஒருமுறையாவது மேனேஜர் நாற்காலியில் உட்காருமா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தால், 'சமைக்கிறதுக்கா மூணு வருஷம்?' என்ற கவலை பாதி குறையும்.