கொசுவின் நோய் மனிதக் கண்ணுக்கு வந்தது எப்படி?

கெடா 1909இல் பிரிட்டிஷ் ஆளுகைக்கு வந்த பிறகு கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடுகள் வேகமாக அழிந்து ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. மரங்கள் சாய்ந்ததும் குன்றடி ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த நீரை விரும்பும் அனாபிலிஸ் மாகுலேட்டஸ் கொசு அங்கே பெருகியது. மலாயாத் தோட்டங்களில் நம் மூதாதையர் மலேரியாவுக்குக் கொத்துக்கொத்தாகப் பலியானதற்கு இந்தக் கொசு முக்கியக் காரணம். கால்வாயில் எண்ணெய் தெளித்ததும் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் கொயினா கொடுத்ததும் அந்தக் காலத்துப் பாடு.

மனிதனுக்கு நோய் தரும் கொசுவுக்கும் நோய் வரும். அப்படி நோய் தரும் ஓர் ஒட்டுண்ணிக் கூட்டத்துக்கு மைக்ரோஸ்போரிடியா என்று பெயர். பூஞ்சைக் குடும்பத்தோடு சேர்த்து எண்ணப்படும் இவற்றில் 1,500 இனங்களுக்கு மேல் அடையாளம் காணப்பட்டுள்ளன. பெரும்பாலானவை பூச்சிகளையும் மீன்களையும் தாக்குபவை. மனிதரைத் தொற்றுபவை ஏறக்குறைய 17 இனங்கள்தாம்.

இவற்றின் வித்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு நீளமே இருக்கும். அதற்குள் ஒரு நுண்குழல், சுருட்டி வைத்த ரப்பர் குழாய்போல வளையம் வளையமாகக் கிடக்கிறது. தக்க சூழல் கிடைத்ததும் ஓரிரு விநாடிக்குள் குழல் வெளியே பாய்ந்து பக்கத்து உயிரணுவைத் துளைக்கும். வித்தின் உள்ளிருப்பு அதன் வழியாக உள்ளே போய்விடும். பிறகு அந்த உயிரணுவின் ஆற்றலைத் திருடியே பெருகும்.

பட்டுப்புழு வளர்ப்போருக்கு இது பழைய பகை. 1865 முதல் லூயி பாஸ்டர் பிரான்சில் ஆராய்ந்த பெப்ரின் நோய்க்கும் ஒரு மைக்ரோஸ்போரிடியாதான் காரணம். அவர் காட்டிய வழியைத்தான் தமிழ்நாட்டில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் வித்தகங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. முட்டையிட்டு முடித்த தாய் அந்துப்பூச்சியை அரைத்து, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். முட்டை வடிவில் மின்னும் வித்துகள் தென்பட்டால் அது இட்ட முட்டைகள் அத்தனையும் அழிக்கப்படும். இந்த இனம் மனிதரைத் தொடுவதில்லை.

மனிதரைத் தொட்டது வேறொன்று. இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசுவின் ஆய்வகக் கூட்டத்திலிருந்து, இன்று அன்காலியா அல்ஜெரே எனப்படும் ஒட்டுண்ணியை 1970இல் விவரித்தார்கள். தொற்றிய கொசு பலவீனப்பட்டது. அதனுள் மலேரியாக் கிருமியும் சரியாக வளரவில்லை. இதைக் கொண்டே கொசுவை ஒழிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. மனித உடலின் வெப்பத்தில் இது பிழைக்காது என்றே கருதினார்கள். எலிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தியபோது, உடலின் குளிர்ச்சியான பகுதிகளான வாலிலும் பாதத்திலும் மட்டுமே பிழைத்தது. அந்த முடிவைப் பலர் ஆறுதலாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது எச்சரிக்கையாகவே படுகிறது. மனிதனுக்கும் குளிர்ந்த இடங்கள் உண்டு. கருவிழி அவற்றில் ஒன்று.

1999இல் அமெரிக்காவில் நல்ல உடல்நிலையில் இருந்த ஒருவரின் கருவிழியிலிருந்து இதே ஒட்டுண்ணி பிரிக்கப்பட்டது. 2004இல் வெளியான செய்தி இன்னும் கடுமையானது. முடக்குவாதத்துக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் எடுத்துவந்த பென்சில்வேனியப் பெண்மணி ஒருவரின் தசைகளில் அது பரவி உயிரையே பறித்தது. கொசு கடித்ததால் வந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. கடித்த கொசுவைத் தோலிலேயே நசுக்கியதால் புகுந்திருக்கலாம் என்ற ஊகம் மட்டும் உண்டு. ஆகவே கொசுக்கடிக்கு அஞ்ச வேண்டியது டெங்கிக்காகவும் மலேரியாவுக்காகவும்தான், இதற்காக அல்ல.

கொசுவுக்கு எதிராக இந்தக் கூட்டத்தைப் பயன்படுத்தும் ஆசை மறுபடி துளிர்த்திருக்கிறது. கென்யாவில் கண்டறியப்பட்ட மைக்ரோஸ்போரிடியா எம்.பி. என்பது தாய்க் கொசுவிலிருந்து முட்டைக்குப் பரவி, கொசுவுக்குள் மலேரியாக் கிருமி வளராமல் தடுக்கிறது என்று 2020இல் அறிவித்தார்கள். இது பெரிய நம்பிக்கை; நான் வரவேற்கிறேன். ஆனால் ஊருக்குள் விடுமுன், எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலையும் மனதில் வைத்துச் சோதிக்க வேண்டும். புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவரும் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவரும் இல்லாத ஊர் இன்று எது?

கெடா வாசகர்கள் உடனடியாகக் கவனிக்க வேண்டியது சேறு. 2012 ஏப்ரலில் சிங்கப்பூரில் சேற்றுத் திடலில் நடந்த ரக்பி போட்டிக்குப் பின், ஆடியவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குக் கண் அழற்சி வந்தது. காரணம் விட்டாஃபோர்மா கார்னியே என்ற மைக்ரோஸ்போரிடியா; அதன் நெருங்கிய உறவினங்கள் பூச்சிகளின் குடலில் வாழ்பவை. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனைக்கும் இத்தகைய நோயாளிகள் மழைக்காலத்தில்தான் அதிகம் வருகிறார்கள். மழையோடு மழையாகப் பந்தடிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், வயலில் இறங்குவோருக்கும் இது பொருந்தும்.

கண் சிவந்து, உறுத்தி, வெளிச்சம் பட்டால் கூசும். பார்ப்பதற்கு வழக்கமான கண் நோவு போலவே இருப்பதால் எளிதில் தவறிப்போகும். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஊற்றிக்கொள்வதே பெரிய ஆபத்து. அது கண்ணின் எதிர்ப்பை அடக்கிவிடும். சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனைக்கோ அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியாவுக்கோ போனால், சேற்றில் விளையாடியதையோ வேலை செய்ததையோ மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். கருவிழியின் மேற்பரப்பை மெல்லச் சுரண்டிச் சாயமேற்றிப் பார்த்தால் வித்துகள் தெரிந்துவிடும். மேலோட்டமான தொற்று பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். கருவிழியின் ஆழத்துக்குப் போனால்தான் மாற்று அறுவை வரை போக நேரும்.