கணக்கென்றதும் கலங்க வேண்டாம்!



வேதியியல் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, கணக்கு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது. "எனக்கு வராது" என்னும் ஒரு சொல்லால், செவிலியராகவோ மருத்துவராகவோ ஆக வேண்டுமென்ற ஆசையே கருகிப் போவதுண்டு. உண்மையில் இக்கணக்குகள் நம் வீட்டு நிகழ்ச்சிகளே!

உலர்ந்த திராட்சையை இரவில் நீரிலிட்டால் காலையில் உப்பியிருக்கும். மாங்காய்த் துண்டில் உப்பிட்டால் நீர் விடும். ஒரு கூறு புகவிடும் சவ்வின் வழியே, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்வதே சவ்வூடு பரவல். அதைத் தடுத்து நிறுத்தத் தேவையான அழுத்தமே சவ்வூடு பரவல் அழுத்தம். இதன் விதியைக் கண்ட வான்ட் ஹாஃப், 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார்.

நோயாளிக்கு ஏற்றும் 5 சதவீத குளுக்கோஸ் நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் 50 கிராம் குளுக்கோஸ். அதன் மூலக்கூறு நிறை 180. ஆகவே செறிவு 50 ÷ 180 = 0.278 மோல். இதனை வாயு மாறிலி 0.0821ஆலும், உடல் வெப்பநிலையாலும் பெருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகின்றனர். 37 என்று எழுதினால் விடை 0.84. கெல்வினாக மாற்றி 310 என்று எழுதினால் சரியான விடை, ஏறத்தாழ 7.1 வளிமண்டல அழுத்தம்.

அடுத்து 0.9 சதவீத உப்பு நீர். 9 ÷ 58.5 = 0.154 மோல். உப்பு நீரில் இரண்டு அயனிகளாகப் பிரிவதால் இரண்டால் பெருக்குங்கள். விடை 7.8. மறந்தால் பாதியே வரும். இரு விடைகளும் நெருங்கியிருப்பதைக் கவனித்தீர்களா? இரத்தத்தின் அழுத்தமும் இதே அளவினதுதான். வெறும் நீரை நரம்பில் ஏற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் உப்பி வெடித்துவிடும். கணக்கின் பின்னே ஓர் உயிர் இருக்கிறது!

இனி வினை வெப்பம். வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதிக்கிறதே, அதுவே இது. உருவாதல் வெப்பம் மோலுக்குச் சுட்ட சுண்ணாம்பிற்கு −635, நீருக்கு −286, நீற்றிய சுண்ணாம்பிற்கு −986 கிலோஜூல். விளைபொருளிலிருந்து வினைபடுபொருள்களின் கூட்டுத்தொகையைக் கழியுங்கள். −986 − (−921) = −65. கழித்தல் குறி வெப்பம் வெளியேறுவதைக் காட்டுகிறது. அடைப்புக்குள் உள்ள குறியை மறந்தால் −1907 என்னும் பொருந்தாத விடை வரும்.

560 கிராம் சுண்ணாம்பு 10 மோல். வெளிவருவது 650 கிலோஜூல். அது முழுவதும் 5 லிட்டர் நீரில் சேர்ந்தால் நீரின் வெப்பம் ஏறத்தாழ 31 டிகிரி உயரும். நீர் குறைந்தால் கொதித்துத் தெறிக்கும். சுண்ணாம்பு நீற்றுமிடத்தில் குழந்தைகளை அண்டவிடாதீர்கள்; கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

தாய்மார்களே! வேதியியல் தெரியாவிட்டாலும் பிள்ளையின் அருகில் அமர்ந்து நான்கு கேள்விகள் கேளுங்கள். அலகு எழுதினாயா? கெல்வினாக மாற்றினாயா? அயனிகளை எண்ணினாயா? குறியைப் பார்த்தாயா? இந்நான்கிற்கும் 'ஆம்' என்று சொல்லப் பழகிய பிள்ளை, "எனக்கு வராது" என்று இனிச் சொல்லாது.