அண்ணன், அக்கா, அறங்காவலர்

அமெரிக்காவின் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பு செய்யும் காரியத்தைச் சொல்வது எளிது. தாய் தனியாக வளர்க்கும் பிள்ளை, வறுமையில் வாடும் பிள்ளை, தகப்பன் சிறையில் இருக்கும் பிள்ளை என யாராவது ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ அதே ஊரிலிருந்து ஒரு பெரியவரைத் துணைக்குச் சேர்த்துவிடுகிறது. இருவரும் மாதத்தில் சில முறை சந்திப்பார்கள். பந்து எறிவார்கள், சமைத்துப் பார்ப்பார்கள், சும்மா பேசிக்கொண்டிருப்பார்கள். பெரியவருக்குச் சம்பளம் கிடையாது. அவரை ‘பிக்’ என்றும் பிள்ளையை ‘லிட்டில்’ என்றும் அழைப்பது அங்கே வழக்கம். இந்த ஏற்பாட்டைக் கெட்டுப்போகாமல் ஆண்டுக்கணக்கில் நடத்துவதுதான் கடினம். அந்தப் பொறுப்பு ஊர்ப் பிரமுகர்கள் அடங்கிய நிர்வாகக் குழுவிடம் இருக்கிறது. வங்கி மேலாளர், வழக்கறிஞர், போதகர், தொழிலதிபர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போன்றவர்கள் அதில் உறுப்பினர்கள். அவர்களுக்கும் சம்பளம் இல்லை.

இந்த அமைப்பின் வேர் சிறார் நீதிமன்றத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் 1902இல் கத்தோலிக்கப் பெண்கள் சிலர், நீதிமன்றத்துக்கு வந்த சிறுமிகளுக்குத் துணை நிற்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு சின்சினாட்டியில் இர்வின் வெஸ்ட்ஹைமர் என்ற இளம் வணிகர், குப்பைத் தொட்டியில் உணவு தேடிய ஒரு சிறுவனோடு பழகத் தொடங்கி, தன் நண்பர்களையும் அப்படிச் செய்யத் தூண்டினார். 1904 டிசம்பரில் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தின் எழுத்தர் எர்னெஸ்ட் கோல்ட்டர், ஒரு தேவாலயத்து ஆண்கள் சங்கத்தில் பேசினார். தண்டனை பெறவிருந்த ஒரு பையனின் கதையைச் சொல்லி, அவனுக்கு நல்ல மனிதர் ஒருவரின் பழக்கம் கிடைத்தால் போதும் என்றார். அன்று கூடியிருந்த 40 பேர் ஆளுக்கொரு பையனைப் பார்த்துக்கொள்ள முன்வந்தார்கள். வந்தவர்கள் வசதியும் செல்வாக்கும் உள்ளவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்க நாட்களில் பிரமுகரே குழு உறுப்பினர், அவரே அண்ணன். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக வளர்ந்த தேசிய அமைப்புகள் 1977இல்தான் ஒன்றாகின.

நாட்கள் செல்லச் செல்ல இரண்டு வேலைகளும் பிரிந்தன. இன்று ஊருக்கு ஊர் உள்ள கிளைகள் தலைமையகத்தின் பெயரையும் விதிமுறைகளையும் ஏற்று நடக்கின்றன. ஆனால் சட்டப்படி ஒவ்வொன்றும் தனித் தொண்டு நிறுவனம். அதற்கென்று தனி நிர்வாகக் குழு உண்டு. செயல் இயக்குநரை நியமிப்பதும், தேவைப்பட்டால் நீக்குவதும், வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், தணிக்கை அறிக்கையை வாசிப்பதும் குழுவின் கடமைகள். பல குழுக்களில் எழுதாத விதி ஒன்றும் உண்டு: ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இவ்வளவு என்று நன்கொடை தர வேண்டும், அல்லது திரட்டித் தர வேண்டும். பல ஊர்களில் இந்தக் கிளைகளின் பெரிய நிதி விழா பௌலிங் போட்டி. ஊர்க் கம்பெனிகள் அணி அணியாக ஒரே நிறச் சட்டை போட்டு வந்து பந்து உருட்டும். தெரிந்தவர்களிடம் வசூலித்த பணத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். குழு உறுப்பினருக்கு ஊரில் எத்தனை பேரைத் தெரியும் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

பணம் திரட்டத்தான் பிரமுகர்கள் என்று நினைப்பது பொதுவான வழக்கம். ஆனால் அவர்களுடைய உறுதி அதிகம் தேவைப்படுவது வேறிடத்தில். துணையாக வர விரும்பும் ஒருவர் விண்ணப்பம் தர வேண்டும். தெரிந்தவர்களின் பரிந்துரை வேண்டும். குற்றப் பின்னணி சரிபார்க்கப்படும். நீண்ட நேர்காணல் நடக்கும். பலரது வீட்டுக்கே ஊழியர் நேரில் போய்ப் பார்ப்பார். இத்தனைக்கும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். நல்லெண்ணத்தோடு வந்த சிலர் இதற்குள் சலித்துப் போய்விடுவார்கள். இன்னொரு பக்கம் பிள்ளைகளின் காத்திருப்போர் பட்டியல் நீளும். அதிலும் பையன்கள்தான் அதிகம். முன்வரும் ஆண்கள் குறைவு. ‘இவ்வளவு கெடுபிடி எதற்கு, நல்ல மனிதர் என்று எனக்குத் தெரியும்’ என்று குழுவிலேயே ஒருவர் கேட்கக்கூடும். தெரிந்த மனிதர் என்பதற்காக ஒரு படியையும் தாண்டவிடக் கூடாது என்று பிடிவாதமாக நிற்பதுதான் குழுவின் முதல் வேலை. பிள்ளைகளோடு தனியாக இருக்க வாய்ப்புத் தேடி வருகிறவர்களும் உலகில் உண்டு. அவர்களும் பெரும்பாலும் யாருக்காவது தெரிந்த மனிதர்களாகவே இருப்பார்கள்.

சேர்த்துவைத்த பிறகும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு இணைக்கும் பொறுப்பான ஊழியர் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒருமுறையும், பிறகு மாதந்தோறும், ஓராண்டு கடந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெரியவரையும் பெற்றோரையும் பிள்ளையையும் விசாரிக்க வேண்டும் என்பது இந்த அமைப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை. அந்த விசாரிப்புகளில் என்ன வெளிவரும் என்பதை 1990களில் 82 இணைகளை உற்றுக் கவனித்த ஓர் ஆய்வு காட்டியது. சில பெரியவர்கள் முதல் சந்திப்பிலேயே மதிப்பெண், ஒழுக்கம், எதிர்காலம் என்று ஆரம்பித்தார்கள். பையன் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான், அடுத்த வாரம் வராமல் இருக்கக் காரணம் தேடினான். வேறு சிலர், ‘இன்றைக்கு என்ன செய்யலாம்?’ என்று அவனையே கேட்டார்கள். மாதக்கணக்கில் விளையாட்டும் தீனியுமாகவே போனது. வீட்டில் நடப்பதை அவன் அதற்குப் பிறகே சொன்னான். திருத்த வந்தவர்களின் உறவுகளில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. பழக வந்தவர்களின் உறவுகளில் மிகப் பெரும்பாலானவை நிலைத்தன. நன்கொடை தருகிறவர்கள் கேட்க விரும்புவதோ திருத்திய கதைகளைத்தான்.

இந்த முறை பயன் தருகிறதா என்ற கேள்விக்கு 1995இல் உறுதியான விடை கிடைத்தது. ‘பப்ளிக்/பிரைவேட் வென்ச்சர்ஸ்’ என்ற ஆய்வு நிறுவனம், எட்டுக் கிளைகளில் விண்ணப்பித்த 10 முதல் 16 வயது வரையிலான 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு உடனே துணை தேடித் தரப்பட்டது. மறுபாதி 18 மாதம் காத்திருந்தது. காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், துணை தேடித் தரப்பட்டவர்கள் போதைப்பொருளைத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைவாகவும், மதுவைத் தொடங்கும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவாகவும் இருந்தது. பள்ளிக்கு மட்டம் போடுவதும் பாதியாகக் குறைந்தது. இணைகள் சராசரியாக மாதம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம் சந்தித்திருந்தன.

இந்த எண்கள் நிதி கேட்கும் துண்டறிக்கைகளில் எல்லாம் ஏறின. அதே தரவை ஜீன் ரோட்ஸ், ஜீன் கிராஸ்மன் என்ற இரு ஆய்வாளர்கள் மீண்டும் அலசி 2002இல் எழுதியது அவ்வளவு பேசப்படவில்லை. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் நன்மை மிகுதியாகத் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளையின் தன்மதிப்பு முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஏற்கெனவே ஒரு பெரியவர் விட்டுப்போன பிள்ளையை இன்னொருவரும் விட்டுப்போனால் வேறென்ன ஆகும்? குழுக் கூட்டத்தில் வைக்கப்படும் அறிக்கையில் முதல் வரியாக இருப்பது பெரும்பாலும் ‘இந்தக் காலாண்டில் புதிய இணைகள் எத்தனை’ என்பதே. பார்க்க வேண்டிய வரி, ஓராண்டைத் தாண்டியவை எத்தனை என்பது. அறுபது பிள்ளைகளுக்குத் துணை தேடித் தந்து நாற்பது உறவுகள் பாதியில் அறுந்த கிளையைவிட, முப்பதோடு நின்று முப்பதையும் காப்பாற்றிய கிளை மேல். ஆனால் ஆண்டறிக்கையில் அறுபதுதான் அழகாகத் தெரியும்.

பிரமுகர்கள் எப்படிப் பயன்படலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிலடெல்பியாவில் தொடங்கிய ‘அமாச்சி’ திட்டம். பெற்றோர் சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்கானது அது. அதைத் தலைமையேற்று நடத்தியவர் டபிள்யூ. வில்சன் கூட், 1984 முதல் 1992 வரை அந்நகரின் மேயர், அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். பதவிக்குப் பின் போதகரானார். அவருக்குப் பதின்ம வயதாக இருந்தபோது அவருடைய தந்தையும் சிறைக்குப் போனார். அவர் போதகர்களை ஒவ்வொருவராக நேரில் பார்த்து, சபைக்குப் பத்துப் பேரைத் துணையாகத் தரும்படி கேட்டார். 2001இல் இணைகள் சேரத் தொடங்கின. இரண்டு ஆண்டுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்களிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் துணை கிடைத்தது. போதகர் மேடையிலிருந்து சொன்னதால் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களைச் சரிபார்ப்பதும் தொடர்ந்து கண்காணிப்பதும் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் ஊழியர்களிடமே இருந்தன. செல்வாக்கு ஆள் சேர்த்தது. தகுதியை முடிவு செய்ய அதற்கு இடம் தரவில்லை. திட்டம் நிலைத்ததற்கு இந்தப் பிரிவினையே பெரிய காரணம் என்று சொல்லலாம்.

பணம் பெருகும்போது குழு கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதைதான். பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் தேசிய அலுவலகம் அமெரிக்க நீதித்துறையிடமிருந்து பெற்ற சுமார் 2.3 கோடி டாலர் மானியத்துக்குச் சரியான கணக்கு ஆவணங்கள் இல்லை என்று அத்துறையின் தணிக்கை 2013இல் சொன்னது. ஒரு மானியத்தின் பணமும் இன்னொன்றின் பணமும் கலந்து கிடந்தன.

இங்கிலாந்தில் நடந்தது இதைவிடப் பெரியது. கமிலா பத்மங்கலிஜ் 1996இல் தென் லண்டனில் தொடங்கிய ‘கிட்ஸ் கம்பெனி’, வீட்டு ஆதரவற்ற பிள்ளைகளைத் தேடி வரவைத்து, சோறு போட்டு, தனித்தனியே கவனித்துக்கொள்ள ஆள் வைத்தது. பிரதமர்கள் பாராட்டினார்கள். அரசிடமிருந்து மட்டும் 4 கோடி பவுண்டுக்கு மேல் வந்தது. அறங்காவலர் குழுவின் தலைவராக 2003 முதல் கடைசிவரை இருந்தவர் பிபிசியின் மூத்த நிர்வாகி ஆலன் யென்டாப். கதவைத் தட்டிய எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது அந்நிறுவனத்தின் கொள்கை. அதற்கு ஏற்றபடி செலவு ஏறியது. கையிருப்பு என்று சொல்லும்படி எதுவும் சேரவில்லை. கையிருப்பைக் கூட்டுங்கள் என்ற எச்சரிக்கை ஆண்டுதோறும் வந்தது. 2015 கோடையில், மூத்த அதிகாரி எழுத்துமூலம் ஆட்சேபித்தும் அமைச்சர்கள் மறுசீரமைப்புக்கென்று 30 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். சில நாட்களில், ஆகஸ்ட் 5 அன்று, நிறுவனம் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு அன்று கதவு பூட்டியிருந்தது.

பின்னர் நடந்தவை ஒரே திசையில் போகவில்லை. நாடாளுமன்றக் குழு 2016இல் அறங்காவலர்களைக் கடுமையாகச் சாடியது. அவர்களை இயக்குநர் பதவிக்குத் தகுதியற்றவர்களாக அறிவிக்கக் கோரிய வழக்கை 2021இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மூடுவதற்குச் சற்றுமுன் எழுந்த பாலியல் குற்றச்சாட்டுகள் வராமலிருந்தால் மறுசீரமைப்புத் திட்டம் பலித்திருக்கக்கூடும் என்றும் நீதிபதி கருதினார். காவல்துறை விசாரணையில் அந்தக் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2022இல் தொண்டு நிறுவன ஆணையம், நேர்மையின்மை எதுவும் இல்லை என்றாலும், கொடுக்க வேண்டியவர்களுக்கும் வரித்துறைக்கும் திரும்பத் திரும்ப உரிய நேரத்தில் பணம் கொடுக்காதது நிர்வாகத் தவறு என்று பதிவு செய்தது. யாரும் பணத்தைத் திருடவில்லை. நிறுவனரிடம் ‘இதற்கு மேல் முடியாது’ என்று சொல்ல வேண்டியவர்கள் அதை வேளையோடு சொல்லி நிறுத்தவில்லை.

ஒரே தலைவர் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்ததும் அப்போது பேசுபொருளானது. 2017இல் இங்கிலாந்தில் வெளிவந்த தொண்டு நிறுவன நிர்வாக நெறிமுறை, ஓர் அறங்காவலர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்வதானால் அதைத் தனியாக ஆராய்ந்து, காரணத்தை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்றது. அமெரிக்கக் கிளைகள் பலவற்றிலும் பதவிக்காலம் மூன்று ஆண்டு. ஓரிரு முறை நீட்டிக்கலாம், அதோடு இடத்தை விட்டுத்தர வேண்டும். விலகும் பிரமுகர்களில் சிலர் அதற்குப் பிறகு விண்ணப்பம் நிரப்பி, எல்லோரையும் போல வரிசையில் நின்று, ஒரு பிள்ளைக்குத் துணையாகச் சேர்கிறார்கள். அவர்களுடைய குற்றப் பின்னணியும் சரிபார்க்கப்படுகிறது.